மேடில்லாத ஊர்

இன்று காலை நம் வாசலுக்கு நேரே ஒரு மீன் வேன் வந்து நின்றது. அனுமந்தையிலிருந்து திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. டிரைவர் எதிர்க்கடையில் டீ குடிக்க இறங்கிப் போனார். நான் கூடத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மீன் வாடைக்கும் ஐஸ் தண்ணீர் வாடைக்கும் அடியில் இன்னொரு வாசனை மெல்ல உள்ளே வந்தது. ஈரக் கோணியும் தலைமயிரும் சேர்ந்து கருகுகிற மாதிரி. முறம் கையிலிருந்து சரிந்து அரிசி தரையெல்லாம் கொட்டிவிட்டது. கொல்லையிலிருந்த உங்கள் அம்மா, "என்னம்மா, அடுப்புல ஏதாச்சும் புடிச்சிடுச்சா?" என்று குரல் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது என்ன வாசனை என்று தெரியாது. இந்த வீட்டில் அதைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

நீங்கள் அரபு நாட்டில் இருந்த ஏழு வருஷமும் வாரம் தவறாமல் எழுதினேன். இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் தங்கள் நலமறிய அவா என்று தொடங்கினால்தான் எனக்குப் பேனா ஓடும். இன்று அந்த இரண்டு வரிக்கும் வேலையில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். கடைப் பொட்டலக் காகிதங்களைப் பிரித்துப் பிரித்து வாசித்துத்தான் இந்தத் தமிழைச் சேர்த்தேன். அதை வைத்து எழுதிய அத்தனை கடிதங்களிலும் ஒரு பொய் இருந்ததில்லை. உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே எழுதினேன். நீங்கள் திரும்பி வந்து, என் எதிரில் நின்று ஒரு கேள்வி கேட்டபோதுதான் பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல். ஒன்றரை வருஷமாக அதை அல்லாஹ்விடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் இன்னும் சொல்லவில்லை.

கார் வந்த நாள் நினைவிருக்கிறதா? உங்கள் வயதுக்குப் பாதி வயதான அம்பாசடர். பாண்டியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். ஹாரன் அடித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்ததில் பள்ளிவாசல் பக்கம் நின்ற ஆடெல்லாம் கலைந்து ஓடின. "இனிமே ஏர்போர்ட்டு பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்றீர்கள். வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். நான் அன்றைக்கே வண்டிக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, போன ஊர், சவாரி யார், கிலோமீட்டர், பெட்ரோல் என்று ஐந்து கட்டம். "ஆடிட்டரம்மா வேலைய ஆரம்பிச்சிட்டாங்க" என்று உங்கள் அம்மாவிடம் சிரித்தீர்கள். வியாழக்கிழமை மாலையானால் சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு வண்டியின் நான்கு கதவையும் திறந்து புகை காட்டுவேன். போகிற இடமெல்லாம் ஸலாமத்தாகப் போய் வரவேண்டும் என்று ஓதி ஊதுவேன். அதனால்தான் அந்த வாசனை வந்த முதல் நாள் நீங்கள் இறங்கி வந்து, "ஏதோ கருகுதே" என்றபோது, நேற்றுப் போட்ட சாம்பிராணி சீட்டில் ஊறியிருக்கும் என்று நானே சொல்லிவிட்டேன்.

சாம்பிராணி இல்லை. அடுத்த வாரமும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. ஓடும்போது தெரியாது. வீட்டுக்கு வந்து நிறுத்தினால் ஐந்து நிமிஷத்தில் வாசல் முழுக்க வீசும். திண்டிவனம் ரோட்டு ஷெட்டிலிருந்து சவரி மேஸ்திரியைக் கூட்டி வந்தீர்கள். அவர் பானட்டைத் தூக்கிவிட்டுத் தலையை உள்ளே விட்டவர் நெடுநேரம் வெளியே எடுக்கவில்லை. இஞ்சின் ஆயில் கசிந்து சூடான குழாயின் மேல் சொட்டுகிறது, அதுதான் கருகுகிறது என்றார். கசிவை அடைத்தார். வாசனை போகவில்லை. ஃபேன் பெல்ட் உரசுகிறது என்று புதுசு மாட்டினார். போகவில்லை. ஒயரில் ஏதாவது உருகுகிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கடைசியில், கிளட்ச் தேய்ந்துபோயிருக்கும், கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும், ஐந்து நாள் வண்டி ஷெட்டில் கிடக்கட்டும் என்றார். உங்கள் முகம் வாடிவிட்டது. அந்த வாரம் நீங்கள் ஒப்புக்கொண்ட கல்யாண சவாரி இருந்தது. முதல் பெரிய சவாரி.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து, இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள் என்றேன். மேஸ்திரி வந்த முதல் நாளே நோட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டிருந்தேன், உங்களுக்கும் தெரியாமல். அதற்குத் தலைப்பு 'வாசனை'. நீங்கள் இறங்கி முகம் கழுவும்போது நான் வண்டியைச் சுற்றி ஒரு நடை போய் முகர்ந்துவிட்டு உண்டு, இல்லை என்று எழுதிவிடுவேன். அந்த நோட்டை எடுத்துவந்து உங்கள் மடியில் வைத்தேன். பாண்டிக்குப் போய் ஆளை இறக்கிவிட்டு உடனே திரும்பிய நாளெல்லாம் 'இல்லை'. அவ்வளவு தூரம் ஓடியும் இல்லை. உப்பு ஏஜெண்டை ஏற்றிக்கொண்டு இங்கே நாலு மைல் தள்ளி உப்பளத்துக்குப் போய், பகல் முழுக்கக் கரைமேல் நிறுத்தி வைத்திருந்து, மாலையில் திரும்பிய நாளெல்லாம் 'உண்டு'. இஞ்சின் கோளாறு என்றால் தூரத்துக்குத்தானே வரவேண்டும்? நின்ற வண்டிக்கு ஏன் வருகிறது?

நீங்கள் நோட்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "ரெண்டு பக்கமும் தண்ணியாச்சேன்னு அந்தக் கரைமேல நிறுத்தினா ஹேண்ட்பிரேக் போடுவேன். வேற எங்கயும் போடறதில்ல" என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

மறுநாள் உப்பளத்திலிருந்து வந்ததும் தொழுகைக்குக் கைகால் கழுவும் ஒளுச் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் வண்டியைச் சுற்றினோம். முன் சக்கரம் இரண்டின் நடுவிலும் தெளித்தேன், தண்ணீர் வழிந்து ஓடியது. வலது பின் சக்கரமும் அப்படியே. இடது பின் சக்கரத்தில் தெளித்ததுதான் தாமதம், தோசைக்கல்லில் விழுந்த மாதிரி 'சுர்' என்று சீறிக் காய்ந்துபோனது. நீங்கள் அந்த ஈரக் கையோடு என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினீர்கள். அந்தத் தட்டு இன்னும் என் தலையில் இருக்கிறது.

மேஸ்திரி ஜாக்கி போட்டுத் தூக்கினார். மூன்று சக்கரமும் கையால் சுற்றினால் சுழன்றன, அது மட்டும் அசையவில்லை. உப்புக் காற்றிலும் கரை ஈரத்திலும் ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துப் போயிருந்தது. பிடியை இழுத்தால் இழுபடுகிறது, விட்டால் உடனே திரும்பி வருவதில்லை, ராத்திரி சூடு ஆறிய பிறகுதான் மெல்ல இளகுகிறது. பாதிப் பிரேக்கோடே வண்டி ஓடியிருக்கிறது. சக்கரத்துக்குள்ளே பிரேக் கட்டை உரசி உரசிக் கருகியிருக்கிறது. "அய்ய, நா மூக்க பானட்டுக்குள்ளயே வெச்சிக்கினு தேடிக்கினு இருந்தேன். பாயம்மா நோட்டுல புடிச்சிட்டாங்க" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். ஷெட்டில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைச் சொன்னாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

மண்ணெண்ணெய் ஊற்றி, இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தார். இரண்டு நாள் ஓடியது, மறுபடி இறுகிக்கொண்டது. புது கேபிள் மெட்ராஸிலிருந்து வரவேண்டும் என்றார். அதுவும் இந்தக் காற்றுக்கு ஆறு மாசம் தாங்கினால் பெரிசு என்றார். அதுவரை பழையதைக் கழற்றிவிடுகிறேன், நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துக்கொள்ளுங்கள், "ஆனா கேபிள் வர்ற வரைக்கும்தான் பாய். வந்தா மாட்டிக்கணும்" என்றார்.

நான்தான் பேசினேன். நோட்டைப் புரட்டி ஊர் ஊராக வாசித்தேன். பாண்டி, திண்டிவனம், செய்யூர், அனுமந்தை, பிரம்மதேசம், உப்பளம். ஆறு மாசத்தில் வேறு எங்கேயும் போகவில்லை. இவற்றில் எங்கே ஏற்றம், எங்கே இறக்கம்? "இந்த ஊர்ல மேடு எங்க இருக்குது மேஸ்திரி? ஹேண்ட்பிரேக்கு எதுக்கு?" என்றேன். உப்புக் குவியலை விட்டால் இங்கே உசரமான பொருளே கிடையாது என்று நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். மேஸ்திரியும் சிரித்தார். நோட்டில் திண்டிவனம் என்று முப்பது இடத்தில் எழுதியிருக்கிறேன். போகிற வழியெல்லாம் பெருமுக்கல் மலை கண்ணெதிரே நிற்கும். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தவள்தான் நான். அது நோட்டில் இல்லை, அதனால் என் கணக்கில் வரவில்லை.

கல்லும் நான்தான் தேடினேன். களிமண்ணும் உப்பும்தான் நம் ஊர், கல்லுக்கு எங்கே போவது? கொல்லையில் கக்கூஸ் கட்டியபோது மிஞ்சிய கருங்கல் துண்டு ஒன்று கிடந்தது. மூலை கூராக இருந்ததால் கோணித் துணியால் சுற்றித் தைத்தேன். காலையில் நீங்கள் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வீர்கள். கியரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் உறுமவிட்டுக் காத்திருப்பீர்கள். நான் குனிந்து கல்லை எடுத்து டிக்கியில் வைத்து மூடிவிட்டு, "கல்லு எடுத்தாச்சுங்க" என்பேன். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கிளம்புவீர்கள். வெளியூரில் சவாரி வந்தவர்களில் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். ஆள் இல்லையென்றால் நீங்களே இறங்கி எடுத்துவிட்டு ஏறிக்கொள்வீர்கள். சமதரையில் கியர் இல்லாமலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இருபது நாள் கழித்து, நீங்கள் பாண்டிக்குப் போயிருந்த நேரம், சவரி மேஸ்திரி சைக்கிளில் வந்து எண்ணெய்க் காகிதம் சுற்றிய கேபிளைக் கொடுத்தார். ஒரு மணி நேர வேலைதான், பாயை வரச் சொல்லுங்கள் என்றார். வாங்கி, அறைக் கதவுக்குப் பின்னால் என் புர்கா தொங்கும் ஆணியில் மாட்டினேன். அன்று மாலை நீங்கள் சோற்றில் கை வைத்துக்கொண்டே, "கேபிள் ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டீர்கள்.

"வரல" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று ஒன்றரை வருஷமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். 'வாசனை' கட்டத்தில் இருபது 'இல்லை' வரிசையாக இருந்தன. புது கேபிள் மாட்டினால் அதுவும் துருப்பிடிக்கும், அந்த வாசனை திரும்ப வரும். கல்யாண சீசன் முடியட்டும், நானே எடுத்துக் கொடுக்கலாம் என்று மனசுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. ஏழு வருஷம் நீங்கள் என்னைக் கேட்காமலே கிளம்பிப் போனீர்கள். விசா வந்தது, போனீர்கள். லீவு முடிந்தது, போனீர்கள். இப்போது நான் குனிந்து கல்லை எடுத்தால்தான் நீங்கள் இந்த வாசலை விட்டு நகர முடியும். காலையில் ஒரு நிமிஷம், கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பீர்கள். அந்த ஒரு நிமிஷத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

பிரம்மதேசத்திலிருந்து ஒரு விவசாயி சவாரி கேட்டு வந்தபோது நானும் உள்ளேதான் இருந்தேன். வயதான அம்மாவையும் பெரியம்மாவையும் பெருமுக்கல் கோயிலுக்கு அழைத்துப் போகவேண்டும், மலை ஏற முடியாது, அடிவாரத்தில் நின்று கும்பிட்டால் போதும் என்றார். பெருமுக்கல் என்ற சொல் என் காதில் விழுந்தது. நோட்டில் எழுதினேன். ஆணியை நினைக்கவில்லை. அன்று காலையும் குனிந்தேன், எடுத்தேன், டிக்கியை மூடினேன். கல்லு எடுத்தாச்சுங்க என்றேன்.

மற்றதெல்லாம் அந்த விவசாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே கை கட்டி நின்று சொன்னார். அடிவாரத்தில் கல் வெட்டுகிற இடத்துக்குப் போகும் பாதை ஓரம் நிறுத்தியிருந்தீர்கள். சரிவு என்று சொல்ல முடியாது, கொஞ்சம் சாய்வு. அவர் கற்பூரம் ஏற்றிவிட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தார். கிழவிகள் இருவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். எப்போதும் போல ஸ்டார்ட் செய்து, கியரை எடுத்துவிட்டு, நீங்களே இறங்கிப் போய் முன் சக்கரத்துக் கல்லை எடுத்தீர்கள்.

"வண்டி நகுந்துச்சும்மா. கீழ கல்லு வெட்டின பள்ளம், தண்ணி நிக்குது. பாய் ஒதுங்கல. முன்னாடி நின்னு ரெண்டு கையாலயும் தள்ளிப் புடிச்சாரு. வண்டி திரும்பிப் பாறையாண்ட நின்னுடுச்சு. பாறைக்கும் வண்டிக்கும் நடுவுல பாய். எங்க அம்மாளுங்க மேல ஒரு கீறல் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் குலுங்கி அழுதார்.

நம் தெருவில் நின்றுபோன வண்டியை ஒற்றை ஆளாகத் தள்ளிப் பழகியவர் நீங்கள். ஒரு கையால் நிறுத்தியும் இருக்கிறீர்கள். தரை மாறினால் வண்டியும் மாறிவிடும் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? போகும்போது அவர் ஒரு பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். உங்கள் தொப்பி, துண்டு, டிபன் பாக்ஸ். அடியில் கோணித் துணி சுற்றிய அந்தக் கல். உங்கள் பொருள் எதுவும் அங்கே விட்டுப்போகக் கூடாது என்று தேடி எடுத்து வந்திருக்கிறார்.

இரண்டு உயிரைக் காத்துப் போனவர், ஷஹீத் என்று பள்ளிவாசலில் பேசினார்கள். உங்கள் அம்மா என் தலையைத் தடவி, "அவன் ஹயாத்து அவ்ளோதாம்மா, எழுதினது யாரு மாத்த முடியும்?" என்றார்கள். நானும் அதை நம்புகிறவள்தான். நம்பியும் ஆறவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு மேஸ்திரி வந்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "கேபிளக் குடுத்து அன்னிக்கே சொன்னனே பாயம்மா. பாய் கேக்கலியா?" என்றார். "அவரு எங்க கேப்பாரு" என்று அவரே பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார். நான் பேசாததில் பழி உங்கள் மேல் விழுந்தது. கப்ரில் இருக்கிறவர் மேல். நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்து வெளியே வந்த பிறகும் அந்த ஷெட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன். ஐந்து வேளையும் தொழுகிறேன். துஆவுக்குக் கை ஏந்தும்போது கையில் துரு வாசனை அடிக்கிறது.

இன்று காலை வந்த அந்த மீன் வேனுக்கு வருகிறேன். செம்பை எடுத்துக்கொண்டு நான் பாட்டுக்கு வெளியே போய்ப் பின் சக்கரத்தில் தெளித்தேன். சீறியது. டீ கிளாசோடு டிரைவர் ஓடி வந்தார். நம் வயதுக்காரர்தான். சொன்னேன். ஐஸ் தண்ணீர், உப்பு, எல்லாம் சொட்டிச் சொட்டி உள்ளே கேபிள் பிடித்திருக்கும் என்றேன். அவருக்கும் தெரிந்திருந்தது. "ஆமாம்மா, கயட்டி வுட்டுட வேண்டியதுதான்" என்றார்.

"கழட்டாதீங்க. புதுசு மாத்துங்க."

அவர் சிரித்தார். "இந்த ஊர்ல மேடு எங்கம்மா இருக்குது?"

நான் உள்ளே ஓடி வந்து ஆணியிலிருந்து அதை எடுத்துப் போனேன். எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவர் வாங்கி ஒரு முனையை மட்டும் பிரித்துப் பார்த்தார். இது அம்பாசடர் கேபிள், வேனுக்குச் சேராது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பது போல டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டு, ஏதோ மறந்தவர் போல மறுபடி இறங்கி, சக்கரத்துக்கு வைத்திருந்த செங்கல்லைக் காலால் தள்ளினார். வண்டி அசையவில்லை. நின்ற இடத்திலேயே, கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றது. அவர் நிதானமாக ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். திண்டிவனம் ரோட்டில்.

கேபிளைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். உங்கள் அம்மா கேட்டார்கள், அது என்னம்மா என்று. வண்டிச் சாமான் என்றேன். சொல்ல இன்றும் வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தையும் எந்த விலாசத்துக்கு அனுப்புவது? நோட்டுக்குள் மடித்து வைக்கப்போகிறேன்.

அதற்காக நோட்டைத் திறந்தேன். கடைசி வரி என் கையெழுத்தில் இருக்கிறது. தேதி இருக்கிறது. ஊர் பெருமுக்கல். சவாரி பிரம்மதேசத்து ஆள். கிலோமீட்டரும் பெட்ரோலும் நீங்கள் வந்து சொல்லவேண்டியவை, காலி. ஆறாவது கட்டமும் காலி. அதை மட்டும் உங்களைக் கேட்காமலே நான் எழுதிவிட முடியும்.

அன்றைக்கும் வாசனை இருந்திருக்காது.